சப்-ஸ்டேஷன் பேசுது... கேட்குதா?

பேப்பரின் ஏதோ ஒரு மூலையில் 'நாளை மின்தடை'ன்னு பொடி எழுத்தில் ஒரு செய்தி வருமே, பார்த்திருப்பீங்க. லிஸ்ட்டில் உங்க ஏரியா இருந்தா 'அய்யோ', இல்லைன்னா 'அப்பாடா'... அதோட பக்கத்தைத் திருப்பிடுவீங்க. அந்தச் செய்தியில் தவறாம வர்ற வார்த்தை, 'துணை மின் நிலையம்'. அதாங்க, நம்ம சப்-ஸ்டேஷன்! காலேஜ் பஸ்ஸில் தினமும் அதைத் தாண்டித்தான் போறீங்க. முள்வேலி, கருங்கல் ஜல்லி பரப்பின யார்டு, 'அபாயம்' போர்டில் பல்லைக் காட்டும் மண்டை ஓடு, 'ம்ம்ம்...'னு உறுமும் டிரான்ஸ்ஃபார்மர். வெளியே தெரியறது இவ்வளவுதான்.

உள்ளே கன்ட்ரோல் ரூம் பேனல் ஒன்றில், டிஃபன் பாக்ஸ் சைஸில் ஒரு சமாச்சாரம் பச்சை லைட்டில் கண் சிமிட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் இந்தக் கட்டுரையோட ஹீரோ. பேர், கம்யூனிகேஷன் மாட்யூல். பல நாடுகளில் வயசான மாட்யூல்களைக் கழட்டிட்டு புதுசு மாட்டுற வேலை சத்தமில்லாம நடந்துக்கிட்டு இருக்கு. 'ஒரு பொட்டியைக் கழட்டி இன்னொரு பொட்டி மாட்டுறதுக்கு ஒரு கட்டுரையா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. அந்தப் பொட்டி கைவிட்டா என்ன ஆகும்னு 2015-ல் உக்ரைன் நாட்டு மக்கள் டிசம்பர் குளிரில், இருட்டில் உட்கார்ந்து தெரிஞ்சுக்கிட்டாங்க. அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல பேஸிக்ஸ்!

யார் யாரோட பேசுறாங்க?

சப்-ஸ்டேஷனில் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர் ஒரு பிரமாண்ட சுவிட்ச். அதை மூடினா ஊருக்குக் கரன்ட், திறந்தா இருட்டு. இந்த சுவிட்சைப் போட, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கன்ட்ரோல் சென்டரில் ஒருத்தர் மவுஸோட உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்கிற ஸ்கிரீனுக்குப் பேர் 'ஸ்காடா'. யார்டில் இருக்கும் பிரேக்கர், மீட்டர், ரிலே எல்லாத்துக்கிட்டயும் சேதி சேகரிக்கிற யூனிட்டுக்குப் பேர் ரிமோட் டெர்மினல் யூனிட், சுருக்கமா ஆர்.டி.யு. இந்த ரெண்டுக்கும் நடுவுல தூது போறவர்தான் நம்ம ஹீரோ.

'மூணாம் நம்பர் பிரேக்கர் திறந்திருக்கு, நாலாம் ஃபீடரில் 210 ஆம்பியர் ஓடுது'ன்னு மேலே சொல்லணும். 'அஞ்சாம் நம்பரை மூடு'ன்னு மேலேயிருந்து வந்தா கீழே சேர்க்கணும். வேலை அவ்வளவுதான். ஆனா தூதர் படுத்துட்டா, யார்டில் எல்லாமே நல்லா ஓடிக்கிட்டு இருந்தாலும் கன்ட்ரோல் சென்டருக்கு ஒண்ணுமே தெரியாது.

தெரியாம இருக்கிறது எவ்வளவு ஆபத்து? 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஒரு மின் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் அலாரம் சாஃப்ட்வேர் சத்தமில்லாம செத்துப் போச்சு. அங்கே கெட்டது தூதர் இல்லை, சாஃப்ட்வேர். ஆனா விளைவு ஒண்ணுதான்... குருட்டாட்டம். வெளியே லைன்கள் மரத்தில் பட்டு ஒவ்வொண்ணா ட்ரிப் ஆகுது. உள்ளே அலாரம் அடிக்கவே இல்லை. கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்தில் அமெரிக்கா, கனடா ரெண்டு நாட்டிலும் சேர்த்து சுமார் 5 கோடி பேருக்குக் கரன்ட் காலி!

தாத்தாவுக்கு ஏன் ரிட்டயர்மென்ட்?

ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர் நல்லா கவனிச்சுக்கிட்டா முப்பது, நாப்பது வருஷம் உழைக்கும். அதுக்குப் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டுக்குப் பதினஞ்சு வருஷம்னாலே பழுத்த வயசு. ஒரே வீட்டில் இருக்கும் ரெண்டு பேருக்கு ஆயுசு வேற வேற. பிரச்னையோட வேர் இதுதான்.

தாத்தாக்களோட பிறந்த வருஷத்தைப் பாருங்க. நம்ம லேப் கம்ப்யூட்டர் பின்னாடி 9 முள்ளோட ஒரு போர்ட் இருக்குமே, ஆர்.எஸ்-232... அது பிறந்தது 1960. 'மோட்பஸ்' மொழி 1979. சப்-ஸ்டேஷன்களுக்குன்னே வந்த ஐ.இ.சி. 60870-5-101 என்கிற சீரியல் மொழி 1995. அதையே நெட்வொர்க்கில் ஓட வைக்கும் 104 என்கிற தம்பி 2000. ஐ.இ.சி. 61850 என்கிற இந்தத் தலைமுறைப் பிள்ளை அதுக்கும் அப்புறம்தான் பிறந்தது.

பழைய சீரியல் லைனில் வேகம் பெரும்பாலும் செகண்டுக்கு 1200 பிட். 101 மொழியில் ஒரு எழுத்துக்கு 11 பிட் ஆகும். ஸோ, செகண்டுக்கு சுமார் 109 எழுத்து. 160 எழுத்து அனுப்ப ஒன்றரை செகண்டு! சிரிக்காதீங்க... ஒரு பிரேக்கரோட நிலைமையைச் சொல்ல ரெண்டே ரெண்டு பிட் போதும். 01-ன்னா திறந்திருக்கு, 10-ன்னா மூடியிருக்கு. 00-ன்னா நடுவழியில் நிக்குது. 11-ன்னா எங்கேயோ ஒயரிங் கோளாறு. ஒரு பிட்டில் சொல்ல முடியாதான்னு கேட்டா, முடியும். ஆனா அந்த ஒத்தை ஒயர் அறுந்தா, 'திறந்திருக்கு'ன்னு பொய் சொல்லிடுமே! பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டாவது பிட். தாத்தா ஸ்லோதான்... ஆனா விவரமானவர்.

இன்னொரு தாத்தாவை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். பெரிய சப்-ஸ்டேஷனுக்குள் ஹை-டென்ஷன் லைன் நுழையும் இடத்தில் பீப்பாய் மாதிரி ஒரு சுருள் தொங்கும். அது 'வேவ் ட்ராப்'. கரன்ட் போகும் அதே கம்பியிலேயே பேச்சையும் ஏத்தி அனுப்புற டெக்னிக்குக்கு, சிக்னல் வேற பக்கம் வழிஞ்சு ஓடாம தடுக்கிறது அதோட வேலை. இப்போ டவர் உச்சியில் போகும் எர்த் கம்பிக்குள்ளேயே ஆப்டிகல் ஃபைபரை ஒளிச்சு வெச்சு, பேச்சை அதில் அனுப்புறாங்க. பீப்பாய்க்கு மெதுவா வேலை குறையுது.

சரி, நல்லாத்தானே ஓடுது, ஏன் மாத்தணும்? மூணு காரணம். ஒண்ணு, ஸ்பேர் கிடைக்காது. உள்ளே இருக்கும் சிப்பைத் தயாரிக்கிறதையே நிறுத்தியிருப்பாங்க. வேற இடத்தில் கழட்டிப் போட்ட கார்டைத் தேடி அலையணும். ரெண்டு, அது பேசுற பாதையே மூடப்படும். ஆஸ்திரேலியாவில் பெரிய டெலிகாம் நிறுவனங்கள் 2024 அக்டோபர் கடைசியில் 3ஜி-யை மூட ஆரம்பிச்சப்போ, 3ஜி மோடத்தை நம்பியிருந்த எந்தக் கருவியா இருந்தாலும் அதை மாத்தியே ஆகணும்ங்கிற நிலைமை. மூணு, மனுஷங்க. அந்தக் கார்டை செட்டிங் பண்ற சாஃப்ட்வேர் ஏதோ ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப்பில் மட்டும்தான் ஓடும். அதை ஓட்டத் தெரிஞ்சவர் அடுத்த வருஷம் ரிட்டயர்டு!

கழட்டி மாட்டினா முடிஞ்சுதா?

மொத்த ஆர்.டி.யு-வையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வைக்கலாம். ஆனா அதிலிருந்து யார்டுக்குப் போற காப்பர் ஒயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனையும் கழட்டி, அடையாளம் வெச்சு, திரும்ப மாட்டணும். அதனால நிறைய இடத்தில் உடம்பை விட்டுட்டு வாயை மட்டும் மாத்துவாங்க. கீழே ஆர்.டி.யு. பழைய பாஷையிலேயே பேசும். நடுவுல ஒரு 'கேட்வே' பொட்டி மொழிபெயர்த்து மேலே புது பாஷையில் சொல்லும். செலவு கம்மி, வேலை சீக்கிரம்.

ஆனா மொழிபெயர்ப்பாளர் தப்பா மொழிபெயர்த்தா?

ஒவ்வொரு சேதிக்கும் ஒரு நம்பர் உண்டு. இந்த நம்பர்களோட பட்டியலுக்குப் பேர் 'பாயின்ட் லிஸ்ட்'. ஒரு சுமாரான சப்-ஸ்டேஷனுக்கே சில நூறு பாயின்ட் வரும். மோட்பஸ்ஸில் ஒரு பிரபலமான தலைவலி இருக்கு. கையேட்டில் 40001-ன்னு போட்டிருக்கும் ரெஜிஸ்டர், ஒயரில் போகும்போது 0 என்கிற நம்பரில்தான் போகும். ஒருத்தர் ஒண்ணிலிருந்து எண்ணி, இன்னொருத்தர் பூஜ்யத்திலிருந்து எண்ணினா மொத்த லிஸ்ட்டும் ஒரு படி நகர்ந்துடும். மூணாம் ஃபீடரோட நிலைமை நாலாம் ஃபீடர் பேரில் ஸ்கிரீனில் தெரியும். கரன்ட் ஓடுற லைன், 'ஆஃப்'னு பச்சையா சிரிக்கும்!

இப்போ அந்த லைனில் ஏற ஒரு லைன்மேன் தயாரா நிக்கிறார்னு வெச்சுக்குங்க. நடுங்குது இல்லை? இதுக்காகத்தான் எல்.சி., அதாவது 'லைன் கிளியர்' வாங்கி, நேரில் போய் பிரேக்கரையும் ஐசொலேட்டரையும் கண்ணால் பார்த்து, எர்த் ராடு மாட்டின பிறகுதான் கம்பியில் கை வைக்கணும்னு விதி இருக்கு. ஸ்கிரீனை மட்டும் நம்பி யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது. அந்த விதி சோம்பேறித்தனமான பழைய சம்பிரதாயம் இல்லீங்க, உயிர்!

அளவுக் கணக்கிலும் கோட்டை விடலாம். பழைய கார்டு 0 முதல் 4095 வரை ஒரு எண்ணை அனுப்புது, 4095-ன்னா 800 ஆம்பியர்னு அர்த்தம்னு வைங்க. புதுப் பொட்டியில் அதை 400 ஆம்பியர்னு செட் பண்ணிட்டா? நிஜத்தில் 400 ஓடும்போது ஸ்கிரீன் 200-ன்னு சொல்லும். 'அட, இந்த ஃபீடரில் இடம் இருக்கே'ன்னு பக்கத்து ஃபீடர் லோடையும் இதிலேயே ஏத்துவாங்க... அப்புறம் டமால்! மொத்தமா ட்ரிப்.

அதனாலதான் மாத்தினதும் 'பாயின்ட் டு பாயின்ட்' டெஸ்ட். ஒருத்தர் யார்டில், ஒருத்தர் கன்ட்ரோல் சென்டரில், காதில் போன். 'இப்போ மூணைத் திறக்கிறேன்... உங்களுக்கு என்ன தெரியுது?' 'மூணு திறந்திருக்கு.' டிக். அடுத்தது. இப்படி சில நூறு டிக். கேட்கவே போரடிக்குதா? மொத்த வேலையிலும் உயிர் காக்கிற பகுதி இந்த போர்தான்.

2015 டிசம்பர் 23, மாலை மூன்றரை மணி

இப்போ உக்ரைன். நாட்டின் மேற்குப் பகுதியில் ஒரு மின் விநியோக நிறுவனத்தோட கன்ட்ரோல் ரூம். ஷிஃப்ட் முடியுற நேரம். ஸ்கிரீனில் மவுஸ் அம்பு தானா நகர ஆரம்பிச்சுது. யாரும் தொடலை! அது நேரா போய் பிரேக்கரைத் திறக்கிற பட்டனை அமுக்குது. ஆபரேட்டர் மவுஸைப் பிடிச்சு இழுத்தும் பிரயோஜனமில்லை. சிஸ்டம் அவரையே வெளியே தள்ளிப் பூட்டிடுச்சு. அன்னைக்கு மூணு நிறுவனங்கள் அடி வாங்கின. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு இருட்டு.

திருடன் உள்ளே வந்த வழி? பல மாசம் முன்னாடி ஊழியர்களுக்கு வந்த ஈ-மெயிலில் ஒட்டியிருந்த ஆபீஸ் ஃபைல்கள். அங்கிருந்து மெதுவா நகர்ந்து, பாஸ்வேர்டுகளைத் திருடி, கன்ட்ரோல் ரூம் வரைக்கும் வந்துட்டாங்க.

இதுவரைக்கும் நிறைய பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம ஹீரோ வர்ற சீன் இனிமேதான். பிரேக்கர்களைத் திறந்ததும் ஹேக்கர்கள் போகலை. பழைய சீரியல் ஆர்.டி.யு-க்களையும் புது ஈதர்நெட் நெட்வொர்க்கையும் இணைச்சுக்கிட்டு இருந்த கன்வெர்ட்டர் பொட்டிகளை, அதாவது 'வாயை மட்டும் மாத்துற' அதே டைப் பொட்டிகளைக் குறி வெச்சாங்க. அதுக்குள்ளே இருக்கும் ஃபர்ம்வேரை அழிச்சு, தங்களோட நாசக்கார ஃபர்ம்வேரை ஏத்தினாங்க. 16 சப்-ஸ்டேஷன்களில் இப்படி நடந்தது. கம்ப்யூட்டர் கெட்டா ஃபார்மட் பண்ணலாம். இந்தப் பொட்டி வெறும் செங்கல் ஆயிடுச்சு. கன்ட்ரோல் ரூமை மீட்டாலும், இனி அங்கிருந்து ஒரு உத்தரவும் யார்டுக்குப் போகாது. பாலத்தைத் தாண்டிட்டு, பின்னாடியே பாலத்தையும் உடைச்ச மாதிரி!

ஆனாலும் 1 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள்ளே கரன்ட் திரும்ப வந்துடுச்சு. எப்படி? ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சப்-ஸ்டேஷனுக்கும் ஓடினாங்க. ரிமோட்டைத் துண்டிச்சு, கையாலேயே பிரேக்கரைப் போட்டாங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எப்படி ஓட்டினாங்களோ, அப்படி. ரெண்டு மாசம் கழிச்சும் கன்ட்ரோல் சென்டர்கள் முழுசா சரியாகலை. பிரேக்கர்களைக் கையாலதான் இயக்கிக்கிட்டு இருந்தாங்க. அங்கே பழைய முறை இன்னும் உயிரோட இருந்தது, அதைச் செய்யத் தெரிஞ்ச கைகளும் இருந்தன. எல்லாத்தையும் ஆட்டோமேட் பண்ணி, கைப்பிடியையே கழட்டிட்ட ஊரில் இதே அடி விழுந்திருந்தா, மீண்டு வர இன்னும் நேரம் ஆகியிருக்கும்.

அடுத்த வருஷமே ரெண்டாவது அடி. 2016 டிசம்பர் 17 நள்ளிரவு, கீவ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் 'பிவ்னிச்னா' என்கிற 330 கிலோவோல்ட் சப்-ஸ்டேஷன். ஒரு மணி நேரத்துக்கும் மேல கரன்ட் போச்சு. இந்த முறை மவுஸை நகர்த்த ஆளே தேவைப்படலை. 'இன்டஸ்ட்ராயர்'னு பேர் வைக்கப்பட்ட அந்த வைரஸுக்கு 101, 104, 61850 பாஷைகள் தெரியும்! நேரடியா பேசி 'திற'ன்னு சொல்லிடுச்சு. 104 பாஷையில் 'நீ யாரு?'ன்னு கேட்கிற பழக்கமே கிடையாது. லைனுக்குள்ளே வந்து உத்தரவு போட்டா, வந்தவர் எஜமான்தான். பழைய சீரியல் காலத்தில் லைனில் வேற ஆளே இருக்க முடியாது, அதனால கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அதே பாஷையை அப்படியே நெட்வொர்க்குக்கு மாத்தினப்போ, கதவு மட்டும் ஊர் பூரா திறந்துக்கிச்சு. இந்தத் தாக்குதல்கள் தொடர்பா 2020-ல் அமெரிக்கா, ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 6 பேர் மேல வழக்குப் போட்டுச்சு. ரஷ்யா மறுத்தது.

அப்போ மாத்தவே கூடாதா?

தாராளமா மாத்தணும். ஸ்பேர் இல்லாத கார்டை நம்பி ஊரை ஓட்ட முடியாது. ஆனா மாத்தும்போது சில விஷயங்களில் கறாரா இருக்கணும்.

* பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி, பழசும் புதுசும் கொஞ்ச நாள் பக்கத்துப் பக்கத்தில் ஓடட்டும். ரெண்டும் ஒரே பதிலைச் சொல்லுதான்னு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

* ஒரு பாயின்ட் விடாம டெஸ்ட். 'மாதிரிக்குப் பத்து பார்த்தோம், எல்லாம் ஓகே'ங்கிறது எக்ஸாமுக்கு வேணா சரி, இங்கே ஆகாது.

* கம்பெனி போட்டு அனுப்பின பாஸ்வேர்டை அன்னைக்கே மாத்தணும். தயாரிப்பாளரோட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேரை ஏத்துக்காத பொட்டியா பார்த்து வாங்கணும்.

* ஆபீஸ் ஈ-மெயில் ஓடுற நெட்வொர்க்கும், பிரேக்கரை ஓட்டுற நெட்வொர்க்கும் தனித்தனியா இருக்கணும். 'நீ யாரு?'ன்னு கேட்க வைக்கிறதுக்கு ஐ.இ.சி. 62351-னு ஒரு ஸ்டாண்டர்டே இருக்கு.

* கடிகாரங்களைச் சேர்த்து வைக்கணும். 2003 பிளாக்-அவுட்டை ஆராய்ஞ்சவங்களுக்குப் பெரிய இம்சை, பதிவான நேரங்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாததுதான். எது முதல்ல விழுந்ததுன்னு தெரியாம எதைச் சரி பண்ணுறது?

* செட்டிங் ஃபைலோட காப்பி, நெட்வொர்க்கில் மாட்டாத ஒரு இடத்தில் பத்திரமா இருக்கட்டும். ரெடியா ஒரு ஸ்பேர் பொட்டியும்!

* கடைசியா, ஆனா முக்கியமா... ஒவ்வொரு பிரேக்கர் பேனலிலும் 'லோக்கல் - ரிமோட்'னு ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதை 'லோக்கல்' பக்கம் திருப்பிட்டா, தூரத்திலிருந்து எவன் கத்தினாலும் பிரேக்கர் கேட்காது. பக்கத்தில் நிக்கிறவர் சொல்றதைத்தான் கேட்கும். அந்த சுவிட்சையும், அதைத் திருப்பத் தெரிஞ்ச ஆளையும் ஒருநாளும் மாத்திடாதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, ஸ்கிரீனை அணைச்சுட்டு கையால் ஓட்டிப் பழகணும்.

ஆளில்லாத சப்-ஸ்டேஷன்கள் பெருகிக்கிட்டே இருக்கும் காலம் இது. ஒரு நிர்வாகம் பொட்டியை மாத்தும்போது, 'இனிமே யாருக்கும் அங்கே வேலை இல்லை'ன்னு கணக்குப் போடுறதுதான் சுலபம். உக்ரைன் அந்தக் கணக்குக்கு எதிர் சாட்சி.

இதில் நமக்கு என்ன பாஸ்?

'கோர்ல வேலையே இல்லை மச்சி'ன்னு ட்ரிப்பிள்-ஈ பசங்க புலம்பாத ஹாஸ்டல் உண்டா? இந்த வேலை ட்ரிப்பிள்-ஈ-க்கும் சி.எஸ்.ஸுக்கும் நடுவுல நிக்குது. நெட்வொர்க் தெரிஞ்சவருக்கு, லோடு ஓடும்போது ஐசொலேட்டரைத் திறக்கக் கூடாதுன்னு தெரியாது. ஐசொலேட்டர் தெரிஞ்சவருக்கு ஐ.பி. அட்ரஸ்னா அலர்ஜி. ரெண்டையும் தெரிஞ்சவங்க கம்மி. அந்த நாற்காலியில் நீங்க ஏன் உட்காரக் கூடாது?

ஆரம்பிக்க லட்சக்கணக்கில் செலவெல்லாம் வேண்டாம். லேப்டாப்பில் 'வயர்ஷார்க்' இலவசம். மோட்பஸ், 104, டி.என்.பி-3 எல்லாத்தையும் பிரிச்சுக் காட்டும். மோட்பஸ் பேசுற டி.சி.பி. போர்ட் 502, 104-க்கு 2404. லிப்60870, லிப்ஐ.இ.சி.61850-ன்னு திறந்த மூல லைப்ரரிகள் இருக்கு. ரெண்டு மைக்ரோ கன்ட்ரோலர் போர்டு, ரெண்டு ஆர்.எஸ்-485 மாட்யூல் வாங்கி, ஒரு பக்கம் சீரியல் மோட்பஸ், இன்னொரு பக்கம் நெட்வொர்க் மோட்பஸ்னு சொந்தமா ஒரு குட்டி கேட்வே செஞ்சு பாருங்க. பிரேக்கருக்குப் பதிலா ஒரு ரிலே, ஒரு பல்பு. அப்புறம் வேணும்னே பாயின்ட் லிஸ்ட்டை ஒரு படி நகர்த்திட்டு, எந்த பல்பு எரியுதுன்னு பாருங்க. மேலே சொன்ன பயம் அப்போ புரியும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் ரெடி! ஒரே கண்டிஷன், எல்லா விளையாட்டும் உங்க மேஜை மேலதான். நிஜ நெட்வொர்க் பக்கம் தலை வெச்சுப் படுத்துடாதீங்க.

லேப் மூலையில் 9 முள் போர்ட்டோட ஒரு பழைய பொட்டி, ஓரங்கட்டப்பட்டுக் கிடக்கா? ஸ்கிராப்புக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டு வாங்கித் தூசி தட்டுங்க. தாத்தாகிட்ட பேசத் தெரிஞ்சவங்களைத்தான் பேரனை வேலைக்கு வைக்கிற இடத்திலும் தேடுவாங்க!